வெளிநாட்டு வரிசை

பார்த்தீங்களா சார் அந்த டிடிஆரை? என் ஆதாரை வாங்கி முன்னாடி பார்க்கறான், பின்னாடி பார்க்கறான், என் மூஞ்சியைப் பார்க்கறான், மறுபடியும் கார்டைப் பார்க்கறான். படத்துல மீசை இருக்கு, இப்ப இல்லை, அதுக்கு நான் என்ன பண்றது? உங்க கார்டைத் தொட்டுக்கூடப் பார்க்கலை, தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். எனக்கு இந்தக் கார்டைக் காட்டு, அந்தக் கார்டைக் காட்டுங்கற பேச்சே ஆகாது சார். பட்டவன் நான். ஒரு பொண்ணால பட்டேன்.

திருச்சி போற வரைக்கும் உங்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. சொல்றேன், கேளுங்க. நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

என் பேரு துரைமாணிக்கம். துறையூர்ப் பக்கம் வந்து மாணிக்கநாதம் இன்னிசைக் குழுன்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, எல்லாம் பண்ணுவோம். ஆடி மாசம் வந்தா எனக்குத் தூங்க நேரம் இருக்காது. அதெல்லாம் இந்த வருஷத்துக்கு முன்னாடி. இந்த வருஷம் ஆடி வருது, கையில பொம்பளைக் குரல் இல்லை. அம்மன் கோயில்ல போய் ஆம்பளைங்க மட்டும் நின்னு பாடினா கேப்பானா? செருப்பைத் தூக்குவான்.

என்கிட்ட ரோஜான்னு ஒரு பொண்ணு பாடிட்டு இருந்தா. நான் வெச்ச பேரு அது. அவ நிஜப் பேரு நிரோஜினி. யார் வாயில நுழையும் அது? மைக்குல நான் சொல்லும்போதே பல்லு இடிக்குது. அதான் ரோஜான்னு மாத்தினேன். போஸ்டர்ல 'தூத்துக்குடி ரோஜா'ன்னு போடுவேன். தூத்துக்குடியெல்லாம் இல்லை சார், அவ இலங்கை அகதி முகாம் பொண்ணு. அதை போஸ்டர்ல போட முடியுமா? பாட்டுக் கேக்க வர்றவன் பாட்டுக் கேப்பானா, இல்ல பாவம்னு உச்சுக் கொட்டுவானா?

முகாமுக்கு வெளிய ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. மைக்செட் நம்மளது. அங்க இவ பாடினதைக் கேட்டுட்டு, நேரா அவங்கம்மாகிட்ட போய், உங்க பொண்ணை என்கிட்ட விடுங்க, ஊரறிஞ்ச பாட்டுக்காரி ஆக்கறேன்னேன். ஆக்கினேனா இல்லையா? ஆறு வருஷம் மேடை கொடுத்தேன். பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பி வாங்கி பீரோல வெச்சுக்குவேன், அது வேற விஷயம், குழுவோட சொத்து அது. சம்பளம் மத்தவங்களுக்குக் கொடுக்கறதைவிடக் கொஞ்சம் கம்மிதான். அவளுக்கு என்ன சார், வீட்டு வாடகையா, கரண்ட் பில்லா? எல்லாம் கவர்மெண்ட்டு கொடுக்குது.

பேச்சையும் மாத்தினேன். முதல் தடவை மேடையில அறிவிப்பாளர், 'அடுத்த பாட்டுக்குப் போகலாமா?'ன்னு கேக்கறான், இவ மைக்குல 'ஓம்'ங்கறா. அவங்க பாஷையில ஆமான்னா ஓமாம். கூட்டமே சிரிச்சுது. ஒருத்தன் எழுந்து நின்னு கும்பிட்டான். அன்னிக்கே கண்டிச்சு வெச்சேன். பாட்டுப் பாடறப்போ வாயைத் திற, மத்த நேரம் சிரி, யாராவது கேட்டா 'ஆமா'ன்னு சொல்லுன்னேன். நல்ல பொண்ணு, கப்புன்னு பிடிச்சுக்கிட்டா. இங்கயே பொறந்து வளர்ந்ததுதானே, வெளியில நம்மளை மாதிரியே பேசும். பயந்துச்சுன்னா மட்டும் பழைய பேச்சு வந்துடும்.

போன வருஷக் கடைசியில எனக்கு ஒரு வாய்ப்பு வந்துச்சு சார். அந்தமான்ல பொங்கல் விழா. அங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க. ஒரு சங்கத்துக்காரர் நம்ம பாட்டை போன்ல பார்த்துட்டு, குழுவோட வாங்க, போக வர ப்ளேன் டிக்கெட் எங்க பொறுப்புன்னுட்டார். ப்ளேன் சார்! நம்ம பசங்க யாரும் ப்ளேன் வாலைக்கூடத் தொட்டதில்லை. நான் ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வெச்சுட்டேன். 'கடல் கடக்கும் மாணிக்கநாதம்'னு. என் படம் பெருசா, மத்தவங்க படம் அடியில.

எல்லாருக்கும் சந்தோஷம். இவ ஒருத்தி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறா. என்னாச்சுன்னு கேட்டா, அனுமதி வாங்கணுமாம். முகாமை விட்டு வெளி மாவட்டம் போகணும்னாலே தாசில்தார் ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ்னு அலையணுமாம். அந்தமான்னா இன்னும் மேலயாம். எப்ப வரும்னு சொல்ல முடியாதாம். சொல்லாமப் போய் மாட்டினா அவளுக்கு மட்டும் இல்லை, வீட்டோட பதிவை நிறுத்திடுவாங்களாம். அவங்கம்மா, தம்பி எல்லாருக்கும் உதவித்தொகை, ரேஷன், அந்த வீடு, அத்தனையும் அந்தப் பதிவுலதான் நிக்குதாம். இத்தனையும் எனக்குப் பாடம் எடுக்கறா.

நான் கேட்டேன், ஏம்மா, அந்தமான் எந்த நாடு? இந்தியா. நாம போறது உள்நாட்டு விமானம். உள்நாட்டுல போறவனுக்கு எதுக்கு அனுமதி? உன்கிட்ட ஆதார் இருக்கா இல்லையா? இருக்கு. என்கிட்டயும் அதேதான் இருக்கு. ஆதார் இருந்தா ப்ளேன்ல ஏத்துவான், இறக்குவான், அவ்வளவுதான். அதுக்கு அவ, 'ஆதார் இருந்தா இங்க இருக்கறேன்னுதான் அர்த்தம் அண்ணா, இந்தியன்னு அர்த்தம் இல்லை'ங்கறா. எவன் சார் சொல்லிக் கொடுத்தான் இதையெல்லாம்?

வராம இருந்துடுவாளோன்னு எனக்கு ஒரு யோசனை வந்துடுச்சு. பத்திரிகையில பேரு போட்டாச்சு. அதனால ரெண்டு நாள் கழிச்சு, கலெக்டர் ஆபீஸ்ல எனக்கு வேண்டியவர் இருக்கார், உனக்கு அனுமதி வாங்கிட்டேன், கடிதம் என் பையில பத்திரமா இருக்குன்னு சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். இல்லாட்டி அவளா வந்திருப்பாளா? அவ முகம் அப்படியே மலர்ந்துடுச்சு. அவங்கம்மா போன்ல அழுதுச்சு, தெய்வம் மாதிரி வந்தீங்கன்னு. அவங்க மனசையும் குளிர வெச்சேன், என் காரியத்தையும் முடிச்சேன், இதுல என்ன தப்பு?

சென்னையில ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. வாசல்ல துப்பாக்கிப் போலீஸ் டிக்கெட்டுல பேரைப் பார்த்தான், கார்டுல பேரைப் பார்த்தான், போன்னுட்டான். நான் திரும்பி அவளைப் பார்த்து, பார்த்தியாம்மான்னேன். சிரிச்சா. ப்ளேன்ல ஜன்னல் ஓர சீட்டை அவளுக்குத்தான் கொடுத்தேன். எனக்கு எட்டிப் பார்த்தா தலை சுத்தும். கீழ கடலைப் பார்த்துட்டே வந்தா. எங்க அப்பா இதை போட்ல வந்தாராம்னு கீபோர்டு அருள்தாஸ்கிட்ட சொன்னாளாம். இது வேற கடல், அது வேற கடல்னு அவனும் எடுத்துச் சொல்லலை.

போர்ட் பிளேர்ல இறங்கியாச்சு. அங்கதான் சார் ஆரம்பிச்சுது எனக்குச் சனி.

இறங்கி உள்ள வந்தா ஒரு பக்கம் சாமான் வர்ற பெல்ட்டு. எல்லாரும் நேரா அங்க போறாங்க. இன்னொரு பக்கம் ஒரு மேஜை, மேல இங்கிலீஷ்ல போர்டு. வெளிநாட்டுக்காரங்க இங்க பதிஞ்சுட்டுப் போகணும்னு. வெள்ளைக்காரனும் அவன் பொண்டாட்டியும் முதுகுல மூட்டையோட நிக்கறாங்க. நம்மளுக்கும் அந்த மேஜைக்கும் என்ன சம்பந்தம்? யாராவது கூப்பிட்டானா? இல்லை. யாராவது கையைப் பிடிச்சு நிறுத்தினானா? இல்லை. நாங்க ரிதம் பேடு பெட்டி வந்துச்சா, கீபோர்டு உடையாம வந்துச்சான்னு பெல்ட்டையே பார்த்துட்டு நிக்கறோம். திரும்பிப் பார்த்தா, அந்த வெள்ளைக்காரிக்குப் பின்னாடி இவ நிக்கறா. கையில ஆதாரையும் முகாம் அட்டையையும் பிடிச்சுக்கிட்டு, தானா போய் நிக்கறா சார்.

அருள்தாஸை அனுப்பி, கூட்டிட்டு வாடா அந்தக் கழுதையைன்னேன். அவன் போய்ச் சொல்லியிருக்கான், இது நமக்கு இல்லை ரோஜா, வா போகலாம்னு. அவ சொல்லி அனுப்பறா, 'வெளிநாட்டு ஆக்கள் பதியோணும் எண்டு போட்டிருக்கு. பதிஞ்சிட்டு வாறன். பதியாமப் போனா பிறகு அம்மாவுக்குத்தான் பிரச்சினை'ன்னு.

எப்படி இருக்கு பாருங்க. பொறந்ததுல இருந்து கூப்பிட்டாக் கையெழுத்து, எண்ணினா தலையைக் காட்டுன்னு வளர்ந்ததுங்க இல்லையா, எங்க வரிசையைப் பார்த்தாலும் கால் தானாப் போயிடும் போல. நம்ம பசங்க வரிசையைப் பார்த்தா எங்க நுழையலாம்னு பார்ப்பானுங்க. இவ வரிசையைப் பார்த்தா நின்னுடுவா. அனுமதிக் கடிதம் வேற என் பையில இருக்குன்னு தைரியம்.

மேஜையில இருந்த ஆபீசர் நம்ம தமிழ் ஆள். நல்ல மனுஷன் சார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரனை அனுப்பிட்டு இவளைப் பார்த்துச் சிரிச்சார். ஏம்மா, இது ஃபாரினர் வரிசை, நீ அந்தப் பக்கம் போன்னார். வழி விட்டுட்டார் சார் அந்த மனுஷன்! அப்பவே வந்திருக்கலாம்ல? இவ, இல்லை சார், நான் பதியணும்னு முகாம் அட்டையை நீட்டறா. அவர் வாங்கிப் பார்த்தார். சிரிப்பு போயிடுச்சு.

"நீ எங்கம்மா பொறந்த?"

"திருச்சி சார். பெரிய ஆசுபத்திரியில."

"இலங்கைக்குப் போயிருக்கியா?"

"இல்லை சார்."

"அப்புறம் நீ எப்படி வெளிநாட்டு ஆளு?"

"அட்டையில அப்பிடித்தான் போட்டிருக்கு சார்."

அவர் பேனாவைக் கீழ வெச்சுட்டார். கடைசியா ஒரு தடவை கேக்கறார், மெதுவா, நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, நீ வெளிநாட்டு ஆளாவா இங்க பதியறன்னு. இவ 'ஓம்'னா. அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஓம். பக்கத்து மேஜை இந்திக்காரன் சாமி கும்பிடறாளோன்னு நிமிர்ந்து பார்த்தான்.

அதுக்கு மேல அவர் என்ன பண்ணுவார் சார்? காதுல விழுந்துடுச்சு. அனுமதிக் கடிதம் எங்கன்னார். இருக்கு சார், அண்ணா வச்சிருக்கிறார்னு சொல்லிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தா. அப்படி ஒரு நம்பிக்கை அந்த மூஞ்சியில. நான் குனிஞ்சு பேடு பெட்டியோட பக்கிளைச் சரி பண்ணினேன். பக்கிள் நல்லாத்தான் இருந்துச்சு.

ஆபீசர் எழுந்தே வந்துட்டார். 'சார், இந்தப் பொண்ணு உங்க கூடவா வந்துச்சு?'

இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க என் இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? பின்னாடி பதினோரு பேர் என்னை நம்பி நிக்கறான். வெளிய சங்கத்துக்காரர் மாலையோட நிக்கறார். சாயங்காலம் நிகழ்ச்சி. ஆமான்னு சொன்னா, கடிதம் எங்கம்பான், கடிதம் இல்லைன்னா ஏன் கூட்டிட்டு வந்தம்பான், அத்தனை பேரையும் உக்கார வெச்சுடுவான். குழுவுக்குத் தலைவன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்? அந்த நேரத்துல ஒரு முடிவு எடுக்கணும்ல? 'இல்லைங்களே, ப்ளேன்ல பார்த்த மாதிரி இருக்கு. நமக்குப் பழக்கம் இல்லை'ன்னேன். ஒரு சமாளிப்பு. அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை. அது அவளுக்கும் புரிஞ்சிருக்கணும்.

அவருக்குச் சந்தேகம் தீரலை. ஏன்னா சார், அன்னிக்கு நாங்க எல்லாரும் ஒரே மாதிரி கத்தரிப்பூக் கலர் பனியன் போட்டிருந்தோம், நெஞ்சுல 'மாணிக்கநாதம்'னு எழுதி. நான்தான் போடச் சொன்னேன், இறங்கினதும் போட்டோ எடுக்கணும்னு. அவளும் உள்ள அதைத்தான் போட்டிருந்தா. மேல ஒரு சால்வை. ப்ளேன்ல குளிருதுன்னு போர்த்தினது, அப்படியே இருந்துச்சு. ஆபீசர் எங்க நெஞ்சைப் பார்க்கறார், அவ பக்கம் திரும்பறார். அவ என்ன பண்ணினா தெரியுமா? சால்வையை ரெண்டு பக்கமும் இழுத்து, கழுத்து வரைக்கும் மூடி, கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஆறு வருஷம் சோறு போட்ட குழு சார். அந்தப் பேரை மூடிக்கிட்டா.

ஆபீசர் கேட்டார், "நீ சொன்ன அண்ணன் இவரா?"

என்னைப் பார்த்தா. நல்லா நேராப் பார்த்தா.

"இல்லை சார். என்ர அண்ணா ஊரில. கடிதத்தை வாங்காம வந்திட்டன்."

"இவர் யாரு?"

"தெரியாது சார்."

அண்ணனே கிடையாது அவளுக்கு. ஒரு தம்பிதான். ஒரே நிமிஷத்துல எப்படி ஒரு அண்ணனை உண்டாக்கினா பார்த்தீங்களா? அந்த மாதிரி வாய் இருக்கறவ, 'ஆமா, நான் இந்தியா'ன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லையே. அதுக்கு வாய் வரலை. என்னைத் தெரியாதுங்கறதுக்கு மட்டும் வந்துச்சு. நான் சொன்னது சமாளிப்பு சார், பதினோரு பேருக்காகச் சொன்னது. அவ யாருக்காகச் சொன்னா? சொல்லுங்க. நினைச்சுப் பார்த்தா இன்னிக்கும் எனக்கு நெஞ்சு எரியுது.

அப்புறம் என்ன, அவளை ஒரு நாற்காலியில உக்கார வெச்சாங்க. நாங்க பெட்டியெல்லாம் எடுத்துட்டு வெளிய வந்தோம். மாலை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க. ரோஜா எங்கன்னு சங்கத்துக்காரர் கேட்டார், வயித்து வலி, ஊர்லயே தங்கிட்டான்னேன். வேன்ல போகும்போது அருள்தாஸ், 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணே'ன்னான். என்ன வார்த்தைடா, உன் பேரையும் சேர்த்துச் சொல்லவான்னேன். ஊருக்கு வந்ததும் குழுவை விட்டே நின்னுட்டான். போகட்டும், கீபோர்டுக்கு ஆளா இல்லை.

நிகழ்ச்சி நாறிப் போச்சு சார். அவ பாட வேண்டியதையெல்லாம் டிரம்ஸ் பையன் கீச்சுக் குரல்ல பாடினான். முதல் பாட்டுக்குச் சிரிச்சாங்க, ரெண்டாவது பாட்டுக்கு எழுந்து போயிட்டாங்க. சங்கத்துக்காரர் என்னை வழியனுப்பக்கூட வரலை. கடல் கடந்து போய் மானத்தை விட்டுட்டு வந்தேன். அதுக்கு யார் காரணம்? அந்த ஒரு வரிசை. அஞ்சு நிமிஷம் பெல்ட்டு பக்கத்துல சும்மா நின்னிருந்தா முடிஞ்சிருக்கும்.

அவளா? அடுத்த ப்ளேன்லயே திருப்பி அனுப்பிட்டாங்களாம். முகாமுக்குப் போலீஸ் வந்து விசாரிச்சுதாம். யாரோட போனே, யாரு கூட்டிட்டுப் போனதுன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாங்களாம். தனியா போனேன்னே சொல்லியிருக்கா. வீட்டோட பதிவை நிறுத்தி வெச்சிருக்காங்க, அவங்கம்மா ஆபீஸ் ஆபீஸா அலையுதுன்னு அருள்தாஸ்தான் யார்கிட்டயோ சொன்னானாம். நான் போய்ப் பார்க்கலை. எப்படிப் போறது? போனா நம்ம பேரு வெளிய வரும். அவளே சொல்லாம இருக்கும்போது நான் எதுக்குப் போய்த் தலையைக் கொடுக்கணும்?

ஆனா நான் கோபத்தை மனசுல வெச்சுக்கற ஆள் இல்லை சார். ஆடி வருதேன்னு போன மாசம் நானே இறங்கி வந்தேன். அண்ணன் மேல தப்பா நினைச்சுட்டேன், அன்னிக்கு உங்களைத் தெரியாதுன்னு சொன்னது தப்புதான்னு ஒரு வார்த்தை அவ சொல்லட்டும், பழசையெல்லாம் மறந்துட்டு மறுபடியும் மேடை ஏத்தறேன்னு முடிவு பண்ணி போன் போட்டேன். எடுக்கலை. மறுபடி போட்டா போகவே இல்லை, நம்பரைத் தடுத்து வெச்சிருக்கா. டிரம்ஸ் பையன் போன்ல இருந்து போட்டேன். எடுத்தா. எப்படிம்மா இருக்கே, அண்ணன் பேசறேன், துரைமாணிக்கம்னேன். பின்னாடி அவங்கம்மா யாருன்னு கேக்கறது மட்டும் கேக்குது. அப்புறம் சொல்றா, அம்மாகிட்டயா என்கிட்டயான்னு தெரியலை, 'எனக்கு இவரைத் தெரியாது'ங்கறா. வெச்சுட்டா. அந்த நம்பரையும் தடுத்துட்டா.

அன்னிக்காவது ஆபீசர் முன்னாடி நின்னார், அவ பயத்துல சொல்லிட்டாள்னு வெச்சுக்கலாம். இப்ப யார் சார் நின்னா? வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, குரலைக் கேட்டுட்டு, தெரியாதாம். இதுங்களுக்கெல்லாம் நல்லது பண்ணவே கூடாது.

உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா சார்? ஒரே ஒரு தடவை. உங்களைத்தான் அவளுக்குத் தெரியாதே, எடுப்பா.